என் அட்வான்ஸில் போட்ட டைல்ஸ்

என் அட்வான்ஸ் பணத்தை எடுத்து உங்கள் மாடிக்கு டைல்ஸ் போட்டுவிட்டீர்கள். என் பணம், உங்கள் மாடி. இதற்குத் திருட்டு என்று பெயர் வைத்தால் உங்களுக்குக் கோபம் வருகிறது. வேறு பெயர் தெரிந்தால் சொல்லுங்கள், அதையே வைத்துக்கொள்கிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன். உங்கள் பெயரை எழுதவில்லை. எழுதினால் கேஸ் போடுவீர்கள் என்று என் கணவர் பயப்படுகிறார். ஓனர் என்றே எழுதுகிறேன். இந்த ஊர் ஃபேஸ்புக் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அதுவே போதும்.

நான் தையல்காரி. திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே போகிற ஒரு சந்தில் நாலரை வருஷம் வாடகைக்கு இருந்தேன். கீழ் வீடு. முன்னறையில் இரண்டு மெஷின், பின்னறையில் நானும் வீட்டுக்காரரும். அவர் மினி லோடு வண்டி ஓட்டுகிறார். வண்டி வேறொருவருடையது, கூப்பிட்ட நாளில்தான் வேலை. நான் பருத்தித் துணியில் தொளதொள பேன்ட், ஜிப்பா, தோளில் மாட்டுகிற பை தைக்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் கார்த்திகைக்கு வருவார்கள், பங்குனி வெயில் ஆரம்பித்தால் ஓடிப்போவார்கள். அந்த நாலு மாதத்தில் தைப்பதுதான் எங்களுக்கு வருஷம் முழுக்கச் சோறு. மற்ற மாதங்களில் அக்கம்பக்கத்து ஜாக்கெட், பள்ளிக்கூட யூனிஃபார்ம். அது அரிசிக்கு ஆகும், வாடகைக்கு ஆகாது.

குடி வரும்போது அறுபதாயிரம் அட்வான்ஸ் கொடுத்தேன். பத்து மாத வாடகை. என் வளையல் இரண்டும் அதில் போயிற்று. பணத்தை ஓனர் கையில் கொடுத்துவிட்டு, "ஒரு ரசீது மாதிரி எழுதிக் குடுத்துடுங்க சார்" என்று கேட்டேன்.

அவர் வாசலில் நின்றபடியே மலைப் பக்கம் திரும்பினார். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"இந்த மலையப் பாத்துச் சொல்றேம்மா. உன் காசு அப்படியே பேங்குல கெடக்கும். நீ காலி பண்ற அன்னிக்கு எண்ணி வாங்கிக்க. மலைக்குக் கீழ இருந்துக்கிட்டு நாம காகிதத்துல எழுதிக்கணுமா?"

நானும் திரும்பி மலையைக் கும்பிட்டேன். அதற்குமேல் ரசீது கேட்டால் மலைமேல் நம்பிக்கை இல்லாதவள் என்று ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

வெளியூர்க்காரர்கள் யாரும் இந்த முட்டாள்தனத்தைச் செய்ய மாட்டார்கள். பின்னால் மாடியில் மூன்று மாதம் தங்க வந்த ஒரு ஜெர்மன்காரி நாலு பக்க அக்ரிமென்ட் கேட்டாள், வாங்கினாள். அவளும் தினமும் மலையைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடுகிறவள்தான். ஆனால் காசு விஷயத்துக்கு அவள் மலையைக் கூப்பிடவில்லை. எங்கள் ஊரில் எந்த வாசலில் நின்றாலும் மலை தெரியும். அதனால் ஆளுக்கொரு சாட்சி சும்மாவே கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். சத்தியம் செய்கிறவருக்கு ஒரு பைசா செலவில்லை. கேட்கிறவள்தான் கூச்சப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள் போகிறாள்.

நான் குடி வந்த அடுத்த மாதமே மாடி எழும்ப ஆரம்பித்தது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் இரண்டு வேளை டீ போட்டுக் கொடுத்தது நான்தான். ஓனர் வீட்டம்மா கொஞ்சம் தள்ளி, ரோட்டு மேலேயே இருக்கிற அவர்கள் சொந்த வீட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "டீயில சர்க்கரை கம்மியா போடு, அவனுங்க ஜாஸ்தி கேப்பானுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். என் பணத்தில் கட்டின வேலைக்கு என் அடுப்பிலேயே டீயும் கொதித்தது.

போன ஆவணியில் ஓனர் வந்தார். "கீழ் வீட்டையும் ரூமாக்கப் போறேம்மா. கார்த்திகைக்குள்ள காலி பண்ணிக்க." சரி என்றேன். அவர் வீடு, அவர் இஷ்டம். அதில் எனக்குச் சண்டை இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு கடை கிடைத்தது. முன்னால் கடை, பின்னால் ஓர் அறை, குழாய். நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆன ஒரு அம்மாவின் இடம். அட்வான்ஸ் ஐம்பதாயிரம் கேட்டார். "பழைய வீட்டு அட்வான்ஸ் வந்ததும் குடுத்துடறேங்க" என்றேன். "மார்கழி முடியற வரைக்கும் வச்சிருக்கேன். அதுக்கு மேல கேக்காத" என்றார்.

தீபத்துக்கு நாலு நாள் முன்னால் ஓனர் மறுபடியும் வந்தார். அப்போது எங்கள் ஊரில் வீட்டு வாடகை என்ன விலைக்குப் போகும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். மாட்டுக் கொட்டகையைக் கழுவிவிட்டாலும் ஆள் தங்குவார்கள்.

"பெங்களூர்ல இருந்து பதினஞ்சு பேரு வர்றாங்கம்மா. முழு வீடா கேக்கறாங்க. சாவிய இப்பவே குடுத்துடு. அவங்க தீபம் பாத்துட்டுக் கெளம்பின மறுநாள் உன் காசு உன் கையில."

அவர் போனதும் வீட்டுக்காரர் சொன்னார், "காசு வராம சாவியக் குடுக்காத."

"தீபச் சமயத்துல எதுக்கு வம்பு? மலையப் பாத்துச் சொன்ன மனுஷன்."

"மலை சொல்லுச்சா, அவரு சொன்னாரா?"

ஆனாலும் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கையாலேயே கொடுத்தேன். இதில் தப்பு யார்மேல் என்று யாராவது கேட்டால் இந்த ஒரு இடத்தில் மட்டும் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

மெஷின் இரண்டையும் துணி மூட்டையையும் அடி அண்ணாமலையில் எனக்குப் பழக்கமான பூக்கடை அக்கா வீட்டு மாட்டுக் கொட்டகையில் தார்பாய் போட்டு வைத்தோம். நாங்கள் கீழ்பென்னாத்தூரில் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். அங்கே கூடத்தில் படுக்கை. நாத்தனார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாதபோதுதான் சோறு இறங்குவதில்லை. நான் தினமும் பஸ் ஏறி ஊருக்கு வந்தேன். பழைய வாடிக்கைக்காரர்கள் ரோட்டில் பார்த்து, "மேடம், ஷாப் எங்கே?" என்று கேட்டார்கள். "நெக்ஸ்ட் வீக்" என்று சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையே புளித்துவிட்டது.

தீபம் முடிந்தது. பதினைந்து பேரும் போனார்கள். மறுநாள் போய் நின்றேன். ஓனர் சிரித்த முகமாகத்தான் பேசினார்.

"அடுத்த ஆளு குடி வந்து அட்வான்ஸ் குடுக்கட்டும், அத அப்படியே உனக்கு மாத்தி விட்டுடறேன். எல்லா எடத்துலயும் இதாம்மா வழக்கம்."

வழக்கம்தான். அதை நான் மறுக்கவில்லை. இந்த ஊரில் எந்த ஓனரிடமும் அட்வான்ஸ் பத்திரமாக இருப்பதில்லை. நம்முடையதை எடுத்துச் செலவு செய்துவிட்டு, நமக்குப் பின்னால் வருகிறவனுடையதை வாங்கி நம்மிடம் கொடுப்பார்கள். அவன் போகும்போது அவனுக்குப் பின்னால் வருகிறவன். எல்லாருக்கும் தெரிந்து நடக்கிற கூத்து இது. சரி, ஆள் வரட்டும் என்று பஸ் ஏறினேன். பாதி வழியில் உறைத்தது. அந்த வீட்டைத்தான் தினசரி ரூமாக்கிவிட்டாரே! காலையில் வந்து மறுநாள் காலையில் போகிறவன் எதற்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறான்? அடுத்த ஆள் தினமும் வருவான். எனக்குக் காசு கொண்டுவருகிற அடுத்த ஆள் மட்டும் இந்த ஜென்மத்தில் வர மாட்டான். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பெண் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் போய் இதையே ஓனர் முகத்துக்கு நேராகக் கேட்டேன். சிரிப்பு போய்விட்டது. உள்ளேயிருந்து வீட்டம்மா வந்தார்.

"காசு காசுன்றியே, நாலரை வருஷம் மெஷின் ஓட்டி வீட்ட என்ன பண்ணி வச்சிருக்க? ஊசி குத்தாத எடம் இருக்கா?"

"நான் துணியிலதாங்க்கா ஊசி குத்துவேன். செவுத்துல குத்தறதில்ல."

"வாயப் பாரு. பெயின்ட் அடிக்க எவ்ளோ ஆச்சு தெரியுமா? ஆணி அடிச்ச ஓட்ட மட்டும் பதினேழு. எண்ணி வச்சிருக்கேன்."

"பெயின்ட் அடிச்சது ரூம் வாடகைக்கு விடறதுக்கு. எனக்காகவா அடிச்சீங்க?"

அப்போதுதான் ஓனர் அதைச் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை. "நீ குடுத்ததே முப்பதுதாம்மா. அறுபதுனு எதுல எழுதியிருக்கு?"

நான் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்கு மனுக் கொடுக்கப் போனேன். வெளியே மரத்தடியில் மனு எழுதித் தருகிற ஒருவர் மேஜை போட்டிருப்பார். வயசானவர், பேச்சில் ஊசி உண்டு. எல்லாம் கேட்டுவிட்டு, "ஆதாரம் என்னம்மா?" என்றார்.

"மலையப் பாத்துச் சத்தியம் பண்ணாருங்க."

பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப மலைக்கு ஒரு சம்மன் எழுதட்டுமா? வந்து கூண்டுல ஏறுமா?"

பக்கத்தில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார். "வாடகைக்கு விட்டா எழுதிப் பதிவு பண்ணணும்னு சட்டம் இருக்கும்மா. எவ்ளோ அட்வான்ஸ் வாங்கலாம்னும் இருக்கு. எவன் மதிக்கிறான்? சரி, போன்ல ஏதாவது இருக்கா பாரு. மெசேஜ், வாய்ஸ், எதாவது."

நான் போனில் எதையும் அழிப்பதில்லை. தையல்காரிகள் அழிக்க முடியாது. வாடிக்கைக்காரர்கள் அளவை வாய்ஸில்தான் அனுப்புவார்கள். "போன தடவை தைச்ச அதே அளவு" என்று இரண்டு வருஷம் கழித்து வந்து நிற்பார்கள். அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து பின்னால் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். இடுப்பு முப்பத்தாறு, கை நீளம் பதினெட்டு, கழுத்து இறக்கம் கம்மி. இவற்றுக்கு நடுவில் நாலு வருஷத்துக்கு முந்தைய ஓனர் குரல் கிடைத்தது.

"அம்மா, நீ குடுத்த அறுபதுல டைல்ஸ் எறக்கிட்டேன். ஒட்டற ஆளுக்கு ஒரு பத்து கொறையுது. டைல்ஸ்காரன் வாசல்ல நிக்கிறான். இருந்தா குடும்மா, வாடகையில கழிச்சுக்கலாம்."

இதை அன்றைக்கும் கேட்டேன். பேங்கில் கிடக்கிறதாகச் சொன்ன பணம் டைல்ஸ் ஆகிவிட்டது என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. கேட்டவருக்குக் கொடுக்கப் பத்தாயிரம் இல்லையே என்ற வெட்கம்தான் இருந்தது. ஏழை புத்தி அப்படித்தான் ஓடும். நம்மிடம் எடுத்தவன் முன்னால் நாம்தான் தலை குனிந்து நிற்போம்.

மனு எழுதுகிறவர் இரண்டு தடவை போட்டுக் கேட்டார். "இது போதும். ஆனா நாளாகும்" என்றார். மனுவைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டதற்குச் சீட்டுக் கொடுத்தார்கள். நாளாகும் என்றால் எனக்குத் தாங்காது. காத்திருந்ததிலேயே மார்கழி பாதி போய்விட்டது. நர்ஸம்மா மார்கழிக்கு மேல் வைத்திருக்க மாட்டார். சீசன் எனக்காக நிற்காது.

ஓனர் மாதாமாதம் பௌர்ணமிக்கு அன்னதானம் போடுவார். கிரிவலப் பாதையில், ரோட்டு மேலே இருக்கிற அவர் வீட்டு முன்னால் பந்தல், பேனரில் குடும்பத்தோடு போட்டோ, மைக் செட். மார்கழிப் பௌர்ணமி அன்று சாயங்காலம் நாலு மணிக்கு நான் போய் வரிசையில் நின்றேன். சாம்பார் சாதம், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. ஓனர் வேட்டி கட்டி, பட்டையாக விபூதி பூசி, தானே கரண்டி பிடித்திருந்தார். என் முறை வந்தது. பாக்குமட்டைத் தட்டை நீட்டவில்லை. வெறும் கையை நீட்டினேன்.

"தட்டு எடுத்துக்கம்மா" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

"சோறு வேணாம் சார். அட்வான்ஸ் போடுங்க."

கரண்டி நின்றது. பின்னால் இருந்தவர் ஆந்திரா பக்கத்திலிருந்து வந்தவர் போல, ஒன்றும் புரியாமல் என் தோளுக்கு மேலே தட்டை நீட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு அம்மா, "இன்னா போடறாங்க, ஸ்வீட்டா?" என்று கேட்டார்.

"உள்ள வாம்மா, பேசிக்கலாம்" என்றார் ஓனர் தணிந்த குரலில்.

"உள்ள பேசித்தான் இந்த நெலமை. இங்கயே பேசுங்க."

வீட்டம்மா ஓடி வந்தார். "ஏண்டி, அன்னதானம் நடக்கற எடத்துல வந்து நிக்கிறியே, நீ நல்லா இருப்பியா?"

"நல்லா இருக்கத்தாங்க்கா காசு கேக்கறேன்."

மைக் பக்கத்து ஸ்டூலில் கிடந்தது. எடுத்தேன். போனை அதன் வாயில் வைத்து வாய்ஸைப் போட்டேன். முதலில் ஒரே இரைச்சல், காதைப் பொத்திக்கொண்டார்கள். தள்ளிப் பிடித்தேன். "நீ குடுத்த அறுபதுல டைல்ஸ் எறக்கிட்டேன்" என்று அவர் குரலே அவர் பந்தலில் கேட்டது. வரிசை திரும்பிப் பார்த்தது. "டைல்ஸ்காரன் வாசல்ல நிக்கிறான்" என்றதும் யாரோ ஒருவர், "இன்னுமா நிக்கிறான்?" என்றார். ஒரே சிரிப்பு. ஓனர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஸ்வீட் கேட்ட அம்மா என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "அந்தப் பொண்ணு காச குடுத்துட்டு அப்புறமா தானம் பண்ணுய்யா" என்றார். தட்டைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டினார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர்.

அது தப்பு என்று சிலர் சொல்கிறார்கள். சோறு போடுகிற இடத்தில் போய்க் கேட்டிருக்கக் கூடாதாம். வீட்டில் கேட்டேன், இல்லை என்றார். மனுக் கொடுத்தேன், நாளாகும் என்றார்கள். அவர் நல்லவர் என்று ஊர் சொல்கிற இடம் அது ஒன்றுதான். அங்கேதான் கேட்க முடியும்.

நாலு நாள் கழித்து வீட்டம்மா கீழ்பென்னாத்தூருக்கே வந்தார், காரில். கவரில் முப்பதாயிரம், கூடவே டைப் அடித்த ஒரு காகிதம். "அட்வான்ஸ் தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை." நாலரை வருஷத்துக்கு முன்னால் காகிதம் எதற்கு என்று கேட்ட வீட்டுக்கு இப்போது காகிதம் வேண்டியிருக்கிறது. பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தேன். கீழே எழுதினேன்: "முப்பதாயிரம் பெற்றுக்கொண்டேன். முப்பதாயிரம் பாக்கி." கையெழுத்துப் போட்டு, போனில் படம் எடுத்துக்கொண்டு கொடுத்தேன்.

"எவ்ளோ திமிரு" என்றார் வீட்டம்மா. "பந்தல்ல வந்து மன்னிப்புக் கேளு, மீதியப் பத்தி அவரு யோசிப்பாரு."

"யோசிக்கட்டும். நான் கேக்க மாட்டேன்."

நாத்தனார் தன் சீட்டுப் பணத்தில் இருபதாயிரம் எடுத்துக் கொடுத்தாள். "திருப்பிக் குடுக்கும்போது மலையப் பாத்துக் கும்பிடாத, கையில குடு" என்றாள். ஐம்பதாயிரம் ஆயிற்று. மார்கழி முடிய இரண்டு நாள் இருக்கும்போது நர்ஸம்மா வீட்டுக்கு ஓடினேன். அவர் பணத்தை வாங்கவில்லை. போனை எடுத்துக் காட்டினார்.

இந்தப் பக்கத்து வீட்டு ஓனர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பாம் அது. அதில் நான் மைக் பிடித்து நிற்கிற படம். கீழே ஓனர் எழுதியிருந்தார்: இந்தத் தையல் பெண் அட்வான்ஸ் முழுவதையும் வாங்கிக்கொண்டு, அதற்கு மேலும் கேட்டு அன்னதானத்தில் கலாட்டா செய்கிறாள். வீடு, கடை கொடுப்பவர்கள் ஜாக்கிரதை. அதற்குக் கீழே மற்ற ஓனர்கள் வரிசையாகக் கும்பிடு பொம்மை போட்டிருந்தார்கள்.

"நான் பொய் சொல்வேனாங்க?" என்று கேட்டேன். வாய்ஸைப் போட்டேன், அடித்து எழுதின காகிதத்தின் படத்தைக் காட்டினேன். எல்லாவற்றையும் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"நான் உன்னத்தான் நம்பறேன். ஆனா நாளைக்கு என் வாசல்லயும் மைக் வச்சுக் கத்தினா?"

"நீங்க அட்வான்ஸத் திருப்பிக் குடுத்தா நான் எதுக்குங்க கத்தறேன்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் சாவி வரவில்லை. "இந்தத் தெருவுலதான் நானும் இருக்கணும். அவரு போட்டது பொய்னா, அவரே அதே குரூப்புல அதச் சொல்லட்டும். அன்னிக்கே அக்ரிமென்ட் எழுதி, ரசீதும் குடுத்து, சாவியத் தரேன். தை கடைசி வரைக்கும் பாக்கறேன். அப்புறம் என்னக் கொற சொல்லாத."

தை பிறந்து பத்து நாள் ஆகிறது. மெஷின் கொட்டகையில் இருக்கிறது. நேற்றுப் போய் எண்ணெய் போட்டுவிட்டு வந்தேன். வேறு இரண்டு இடத்தில் கடை கேட்டேன், என் முகத்தைப் பார்த்ததுமே "ஆள் வந்துட்டாங்க" என்றார்கள்.

ஓனர் சார், அந்தக் குரூப்பில் நான் இல்லை. என்னைச் சேர்க்கவும் மாட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். இதை யாராவது எடுத்து அங்கே போடுவார்கள், நீங்கள் படிப்பீர்கள். மீதி முப்பதாயிரத்துக்கு மனு இருக்கிறது, அதை நான் நடத்திக்கொள்கிறேன். இப்போது எனக்கு உங்களிடம் வேண்டியது ஒரு பதில். என்னைக் கூப்பிட்டுத் தனியாகச் சொல்லாதீர்கள். வீட்டம்மாவைக் காரில் அனுப்பாதீர்கள். என் படத்தைப் போட்ட அதே குரூப்பில், உங்களைக் கும்பிட்ட அதே ஆட்கள் பார்க்க, உங்கள் பெயரில் எழுதுங்கள்: அந்தத் தையல்காரி கொடுத்த அட்வான்ஸ் எவ்வளவு, அவளுக்கு நீங்கள் திருப்பிக் கொடுத்தது எவ்வளவு?